வலிக்குக் காரணம் உதடா, மவுத் ஆர்கனா?

கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு வாரம் ஆன ஒருவர், தன் மவுத் ஆர்கனை என் மேசையில் வைத்துவிட்டு, "சார், எனக்கு இது ஒத்து வராது போல இருக்கு" என்றார். இரண்டு கடைவாயிலும் புண். வாசிக்க வாசிக்க உதடு காய்த்துப் போகும், அதுவரை பொறுத்துக்கொள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிட்டார் வாசிப்பவருக்கு விரல் நுனி காய்க்கும், சரி. உதடு அப்படிக் காய்க்கிற இடமா என்ன?

கருவியின் முன் ஓரத்தில் என் கட்டைவிரல் நகத்தை வைத்து லேசாக இழுத்தேன். நகத்திலிருந்து வெள்ளையாகத் துருவல் வந்தது. அவரிடம் காட்டினேன். வாயில் வைத்து இடமும் வலமுமாக அவர் தேய்த்துக்கொண்டிருந்தது அந்த ஓரத்தைத்தான்.

மவுத் ஆர்கன் பழுது பார்ப்பதுதான் என் தொழில். "எனக்கு மூச்சு போதவில்லை", "என் வாய் அமைப்பு சரியில்லை" என்று தன்னையே நொந்துகொண்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கருவியைத் திறந்து பார்க்காமல் யாருடைய வாயைப் பற்றியும் நான் தீர்ப்பு சொல்வதில்லை.

பத்து ஓட்டை டயட்டானிக் (ஒரே ஸ்கேலின் சுரங்கள் மட்டும் உள்ள) கருவியைப் பிரித்தால் ஐந்தே பாகங்கள்: நடுவில் சீப்பு, அதாவது காற்று போகும் அறைகள் உள்ள கட்டை; அதன் மேலும் கீழும் ரீடு தகடுகள், அவற்றுக்கு வெளியே இரண்டு மூடிகள். ரீடு என்பது மூச்சுக்காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு. தகட்டுக்குப் பத்தாக மொத்தம் 20 ரீடுகள். சில மாடல்களில் தகடுகள் சீப்புக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கும், உதட்டில் படாது. மற்றவற்றில் பித்தளைத் தகட்டின் வெட்டு ஓரம் முன்னால் அப்படியே தெரியும். தொழிற்சாலையில் தகட்டை வெட்டும்போது எழும் பிசிறு அங்கேயே நின்றுவிட்டால், அது நேராக உதட்டில்தான் உரசும். ஒன்றாவது ஓட்டைக்கும் பத்தாவது ஓட்டைக்கும் வெளியே இருக்கிற மூலைகள் இன்னும் மோசம். கடைவாய்ப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த நான்கு மூலைகள்தான்.

வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு துணுக்குப் பஞ்சு போதும். ஓரம் முழுக்க மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

திருகாணி போட்ட கருவி என்றால் சரிசெய்வது கடினமில்லை. மூடிகளையும் தகடுகளையும் கழற்றி, எது மேல் எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கண்ணாடிமேல் விரித்து, நனைத்து, தகட்டின் முன் ஓரத்தைச் சாய்வாகப் பிடித்து நாலைந்து தரம் இழுத்தால் கூர்மை போய்விடும். அப்புறம் 800-இல் வழவழப்பாக்க வேண்டும். மூலைகளைச் சற்று வட்டமாக்குங்கள். ரீடு இருக்கிற பக்கம் தாள் படவே கூடாது. முடிந்ததும் தகட்டைத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். ரீடுக்கும் அது அசைகிற துளைக்கும் நடுவில் இருப்பது முடிகூட நுழையாத இடைவெளி. பித்தளைத் தூள் ஒரு பொட்டு உள்ளே போனாலும் அந்தச் சுரம் ஊமையாகிவிடும். பிரிக்காமல் அப்படியே தேய்த்து, நான்கு சுரங்களை ஊமையாக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

ஆணி அடித்த பழைய வகையை நீங்களே பிரிக்க வேண்டாம். நெம்பும்போது தகடு வளைந்தால் காற்று கசியும்.

மரச்சீப்பு தனிக் கதை. 1896 முதல் வருகிற ஹோனர் மரீன் பேண்ட் மாதிரியான கருவிகளில் சீப்பு பேரி மரத்தில் செய்தது. எச்சில் ஊறினால் மரம் உப்பும். சீப்பின் பற்கள் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டும். நாக்கையும் உதட்டையும் அறுக்கும். காய்ந்தால் சுருங்கி, காற்றை விடும். வாசிக்கும் முன் கருவியைத் தண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அன்றைக்குச் சத்தம் கணீரென்று வரும், அடுத்த வாரம் உதடு பதில் சொல்லும். மரத்தைக் காயவைத்து, மட்டம் பார்த்து, தேன்மெழுகு பூசி ஈரம் புகாமல் அடைத்துவிட்டால் பிரச்சினை வெகுவாகக் குறையும்.

அடுத்து மூச்சு. ஒரு பாட்டு முடிவதற்குள் தலை சுற்றுகிறது என்றால் ரீடின் நுனியைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்தால், நுனி தகட்டிலிருந்து கொஞ்சம் தூக்கி நிற்பது தெரியும். சுமாராக ரீடின் கனம் அளவுக்கு இருந்தால் போதும். கீழ்ச்சுர ரீடுகளில் சற்றுக் கூடுதல், மேல்சுரங்களில் மிகக் குறைவு. அதிகமாகத் தூக்கி நின்றால் காற்றைக் குடிக்கும், சத்தம் தராது. ரொம்பப் படிந்துவிட்டால், வேகமாக ஊதியதும் அடைத்துக்கொள்ளும். கீழ்த்தகட்டில் இழுக்கும் ரீடுகள் (மூச்சை உள்ளிழுக்கும்போது ஒலிப்பவை) வெளிப்பக்கம் இருப்பதால், மூடியை எடுத்ததும் அவை கண்ணுக்குத் தெரியும். பல்குச்சியால் மெல்ல அழுத்தி, விட்டு, வாசித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு ரீடு மட்டும். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

புண் இல்லாமல் உதட்டைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் வந்தால் கூர்மையைத் தேடாதீர்கள். பல கருவிகளின் மூடிகளுக்கு நிக்கல் பூச்சு உண்டு; நிக்கல் பலருக்கு ஒவ்வாது. தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடிக்கு மாறலாம். மீசைக்காரர்களின் துன்பம் வேறு: மூடிக்கும் தகட்டுக்கும் நடுவில் சந்து இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கும். திருகாணியை அளவாக முறுக்கினாலே பாதிச் சந்து மூடிவிடும். மீதிக்கு நான் கத்தரிக்கோலைத்தான் காட்டுவேன், கோபித்துக்கொள்வார்கள்.

ஆறு வாரக்காரரின் கருவியை இழைத்துக் கொடுத்து, புண் ஆறும்வரை தொடாதீர்கள் என்றேன். பத்து நாள் கழித்து வந்தார். வலி இல்லை, ஆனால் இரண்டாவது ஓட்டையை இழுத்தால் சுரம் நசுங்கி வருகிறதாம். "அந்த ரீடையும் பாத்துடுங்க சார்."

திறந்து பார்த்தேன். ரீடில் குறையில்லை. துடைத்துவிட்டு நானே இழுத்தேன், சுத்தமாக ஒலித்தது. அவர் கன்னம் குழிவிழ, ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் இழுக்கிறார். நாக்கு பின்வாங்கி, சுரத்தைக் கீழே தள்ளுகிறது. கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, கருவியை இன்னும் உள்ளே வாங்கி, வெறுமனே மூச்சை உள்ளிழுக்கச் சொன்னேன். நாலாவது தடவை சுரம் வந்தது. இந்த முறை குறை கருவியில் இல்லை என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.