வெருவாட்சி: ‘பயங்கரவாதம்’ பொருந்தாத இடம்

கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கம் ஆண்ட கம்போடியாவைப் பற்றித் தமிழுக்கு வரும் கட்டுரைகளில், மூலத்தில் ‘டெரர்’ என்றிருக்கும் இடமெல்லாம் ‘பயங்கரவாதம்’ என்றே எழுதப்படுகிறது. இது வெறும் நடைக்குறை அன்று. பொருளையே தலைகீழாக்கும் பிழை.

அச்சுறுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த ‘டெரர்’ என்னும் சொல், 1793-94இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் குடிமக்கள்மீதே நடத்திய கொலையாட்சிக்குப் பெயராயிற்று. அக்கொலையாட்சியை நடத்திய தலைவர்களுள் ஒருவரான ரோபெஸ்பியர் வீழ்ந்தபின் பிறந்த ‘டெரரிசம்’கூட முதலில் அரசின் செயலையே சுட்டியது.

இன்றைய தமிழிலோ ‘பயங்கரவாதம்’ என்றதும் நினைவுக்கு வருவது குண்டு வைக்கும் குழுவும், அதைத் தேடும் காவல்துறையும்தான். கம்போடியாவில் தேடியதும் கொன்றதும் அரசே. அதுவும் ‘அங்கார்’, அதாவது ‘அமைப்பு’ என்னும் முகமற்ற பெயரில். 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜிடம் வீழ்ந்தபின், பிரெஞ்சுத் தூதரகத்தில் ஒதுங்கியிருந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள் லாரிகளில் தாய்லாந்து எல்லைக்கு அனுப்பப்பட்டனர். அதற்குப்பின் உலகுக்குக் கிடைத்த செய்தி பெரும்பாலும் எல்லை கடந்த அகதிகளின் வாய்மொழியே. ‘படிக்க அழைக்கிறார்கள்’ என்று கூட்டிச் செல்லப்பட்டவர் திரும்பவில்லை என்று அவர்கள் சொன்னதை ‘பயங்கரவாதச் சம்பவங்கள்’ என்று மொழிபெயர்த்தால், கொன்றவர் யார் என்பதே மறைந்துபோகிறது; அரசின் எதிரிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் போலல்லவா அகதிகள் தோன்றுகிறார்கள்! 1978 டிசம்பரில் அனுமதி பெற்று உள்ளே சென்ற எலிசபெத் பெக்கர், ரிச்சர்ட் டட்மன் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் இருவருக்கும் காவலுடன் காட்டப்பட்டது ஆளரவமற்ற தலைநகர். அந்த வெறுமையை எந்த ‘வாதத்தில்’ அடக்குவது?

‘கொடுங்கோன்மை’ போதாதா என்பர் சிலர். போதாது. வரிக்கொடுமையும் முறைதவறிய தீர்ப்பும்கூட அதனுள் அடங்கும். வள்ளுவரே கொடுங்கோன்மைக்கு 56ஆம் அதிகாரத்தை வகுத்துவிட்டு, குடிகள் அஞ்சி நடுங்கும் செயல்களை விலக்க ‘வெருவந்தசெய்யாமை’ என்று 57ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்தார். ‘வெருவந்த செய்தொழுகும் வெங்கோலன்’ என்று அவர் சொல்வது ஆள்பவனை, கலகக்காரனை அன்று. ஆதலால் ‘வெரு’ என்னும் அச்சப்பெயரோடு ஆட்சியைச் சேர்த்து ‘வெருவாட்சி’ என்பதே தகும்.

பழஞ்சொல், யாருக்கும் விளங்காது என்று மொழிபெயர்ப்பாளர்கள் தட்டிக்கழிக்கக்கூடும். ஆனால் அச்சுறுத்துதல் என்னும் பொருளில் ‘வெருட்டுதல்’ இலங்கைத் தமிழில் இன்றும் அன்றாடப் பேச்சுச்சொல். அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு நின்றுவிடும் பழக்கத்துக்கு வாசகர்மேல் பழிபோடுவது முறையன்று.