த்ரில்லரில் கிடைக்கும் சிசிடிவி பதிவு நிஜத்தில் ஏன் கிடைப்பதில்லை?

நகரத்தில் நடக்கும் க்ரைம் த்ரில்லர் எதை எடுத்தாலும் இந்தக் காட்சி வந்துவிடும். இன்ஸ்பெக்டர் ஒரு இருட்டறைக்குள் நுழைவார். சுவர் முழுக்கத் திரைகள். "பின்னாடி ஓட்டு, அங்க நிறுத்து, பெருசாக்கு" என்பார். குற்றவாளியின் பைக் நம்பர் பளிச்சென்று தெரியும். சென்னையில் கிரிமினல் வழக்கு நடத்தும் நான் இந்தக் கதைகளை ஆசையாகப் படிப்பவன்தான். ஆனால் இவற்றைப் பார்த்துப் பார்த்து, தடயம் எங்கேயும் போகாது, போலீஸ் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஜெயித்திருக்க வேண்டிய எத்தனையோ வழக்குகளை இந்த எண்ணம் கெடுத்திருக்கிறது.

1952-ல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கில், டிரங்குப் பெட்டிக்குள் அடைத்த உடல் போட் மெயில் ரயிலில் மானாமதுரை வரை போனது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. அப்படி அலைக்கழிந்த பிறகும் அந்தத் தடயங்கள் நீதிமன்றத்தில் பேசின. இன்று முக்கியமான தடயம் பெரும்பாலும் தெருமுனை மளிகைக் கடையில் கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். எத்தனை கேமரா, எவ்வளவு தெளிவு என்பதைப் பொறுத்துச் சில இடத்தில் ஒரு மாதம் தாங்கும், சில இடத்தில் பத்து நாள்கூடத் தாங்காது. காவல் நிலையக் கேமராக்களின் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டது. மளிகைக் கடைக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

அதனால் வழிப்பறியோ அடிதடியோ நடந்தால், சம்பவ இடத்தைச் சுற்றி எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்து, கடைப் பெயரோடு புகாரிலேயே எழுதுங்கள். பதிவை உங்களிடம் தரும் கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. "அழியாமல் எடுத்து வையுங்கள்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரி குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 94-ம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்துப் பதிவைக் கேட்டு வாங்கலாம். இன்னொன்று, பல டிவிஆர்களில் கடிகாரம் தப்பாக ஓடும். திரையில் ஓடும் நேரமும் உங்கள் செல்போன் நேரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். சம்பவம் ஒன்பது மணிக்கு, பதிவில் எட்டரை என்றால், "இது வேறு ஏதோ சம்பவம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் செல்போனில் நீங்களே எடுத்த வீடியோவுக்கும் இதே கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு சுருங்குகிறது, எடுத்த நேரம், கருவி பற்றிய உள்விவரமும் போய்விடுகிறது. மூலக் கோப்பை எடுத்த போனிலேயே வையுங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தரும்போது, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும், அதற்கு மூலம் கையில் இருந்தால்தான் சிக்கல் இல்லை.

கதைகளில் யாரும் ஏ.ஆர். காப்பியைப் பற்றிப் பேசுவதில்லை. அடிபட்டவரை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் டியூட்டி டாக்டர் முதலில் எழுதுவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. எங்கே, எப்போது, எதனால் தாக்கினார்கள், எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரியை வைத்து செஷன்ஸ் கோர்ட்டில் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை நடக்கும். போலீஸ் கேஸ் வேண்டாமே என்று பயந்து கூட வந்தவர் "மாடிப்படியில விழுந்துட்டாரு சார்" என்று சொல்லிவிட்டால், பிறகு என்ன சொன்னாலும் அது ஜோடித்த கதையாகத்தான் காட்டப்படும். பக்கத்து வீட்டுக்காரர் அடித்திருக்கும்போது பதற்றத்தில் "யாரோ நாலு பேர்" என்று சொன்னாலும் அதே கதிதான். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடிபட்டவருக்கு நினைவு இருந்தால் அவரே சொல்லட்டும்.

அடுத்தது அடையாள அணிவகுப்பு. முன்பின் தெரியாதவர் செய்த குற்றத்தில், மாஜிஸ்திரேட் சிறைக்குப் போய், சந்தேக நபரை அவரைப் போன்ற தோற்றமுள்ள பலரோடு நிற்க வைத்து, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார். சென்னை வழக்குகளில் இது பெரும்பாலும் புழல் சிறையில் நடக்கும். நல்ல சாட்சி சரியாகக் கை காட்டியும் வீணாய்ப் போவதுண்டு. "இதற்கு முன்பே இவர் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தீர்களா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று வந்துவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்புப் போய்விடும். பிடிபட்டவர் படத்தைக் குடியிருப்பு குரூப்பில் போட்டு "இவன்தான், ஷேர் பண்ணுங்க" என்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது குற்றவாளிக்குத்தான் உதவுகிறது, அப்பாவியாக இருந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கையே நாசமாகிறது. இரண்டையும் பார்த்தவன் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன், அனுப்பாதீர்கள்.

சாட்சியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதையில் லாக்கப்புக்குள் குற்றவாளி ஒப்புக்கொண்டதும் எல்லாம் முடிந்துவிடும். நிஜத்தில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதை வைத்து ஏதாவது பொருளைக் கைப்பற்றினால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் எடுபடும். சம்மதமில்லாமல் செய்யும் உண்மை கண்டறியும் சோதனையும் கூடாது என்று 2010-லேயே செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. மிஞ்சுவது ஆவணமும் சாட்சியும்தான்.

ஆளைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுத்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த 24 மணி நேரம் கைது செய்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான கெடு. பணம் பறிபோன ஆன்லைன் மோசடிக்கு உடனே 1930-க்குப் பேசுங்கள். தாமதித்தால் பணம் கணக்குக் கணக்காக மாறிப் போய்விடும்.

காவல் நிலையத்தில் "எங்க லிமிட் இல்லை" என்றால் திரும்பி வராதீர்கள். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும், வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 173-ம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சலிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம். சிஎஸ்ஆர் ரசீதோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள் பலர். அது மனு வந்ததற்கான ரசீது, எஃப்ஐஆர் ஆகாது. பதிய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கும், சென்னை போன்ற மாநகரங்களில் துணை கமிஷனருக்கும் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். இதற்கெல்லாம் வாரங்கள் ஆகும். அதனால்தான் கடைக்காரருக்கான கடிதத்தை முதல் நாளே கொடுத்துவிடச் சொல்கிறேன்.