படிப்பு வராத பிள்ளை என்று முத்திரை குத்தாதீர்கள்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றி, "இதுக்குப் படிப்பு வராது, கடல்பாசி எடுக்கவே அனுப்புங்க" என்று அவளுடைய தாயிடமே சொல்லியிருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் முதல் மூக்கையூர் வரையுள்ள கடலோரப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் பொறுத்தது போதும்.

தாய் விடியுமுன்னே பாசிக்குப் புறப்பட்டதும், அந்தச் சிறுமி தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, முதல் பாடவேளை முடியும் தறுவாயில்தான் வகுப்புக்கு வருகிறாள். அவள் வகுப்பில் அந்தப் பாடவேளை கணக்கு. அவள் கணக்கில் பின்தங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா? (பதிவேட்டில் 'மெல்லக் கற்பவர்' என்று எழுதுமுன், அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது என்று ஆசிரியர்கள் ஒருமுறை கேட்க வேண்டும்.)

இதைச் சொன்னால், "இதே ராமேஸ்வரத்தில் செய்தித்தாள் போட்டுப் படித்த கலாம் குடியரசுத் தலைவராகவில்லையா?" என்று உடனே கேட்கிறார்கள். அவருடைய கதையை முழுவதும் சொல்லுங்கள். சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது, அவருடைய அக்கா தம் தங்க நகைகளை அடகு வைத்தார். அந்த வீட்டில் அடகு வைக்க நகை இருந்தது. அதைப் படிப்புக்காக வைக்கத் துணிந்த மனிதர்களும் இருந்தார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகும் வீடுகளிலோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இருக்கிற நகையும் அரிசிக்காகவே அடகுக்குப் போகிறது. கையில் காசில்லாத அந்த ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை மதிப்பெண் குறைந்தால் டியூஷனுக்குப் போகிறது. இந்தப் பிள்ளை குறைந்தால் மட்டும் அறிவில்லை என்கிறோம். ஆயிரத்தில் ஒருவர் மேலேறியதைக் காட்டி மற்றவர்களைக் குற்றம் சொல்வது கொடுமை.

பிள்ளையின் காதுபட "படிப்பு வராது" என்று யாரும், பெற்றோர் உட்பட, சொல்லக் கூடாது. தம்பி தங்கையைப் பார்க்க மூத்தவளை நிறுத்தாதீர்கள். அங்கன்வாடி அதற்காகத்தான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: தேசிய வருவாய் வழித் திறன் தேர்வை எழுத வையுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.