ஜெல் நகம் மங்கிவிட்டதா? முதலில் கட்டைவிரலைப் பாருங்கள்

மூன்று நாள் முன்பு வேறொரு இடத்தில் ஜெல் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். அடுத்த வாரம் அவருக்கு நிச்சயதார்த்தம். "பளபளப்பே போயிடுச்சு அக்கா. மேலே ஒரு டாப் கோட் மட்டும் போட்டு விடுங்க, போதும்" என்றார். டாப் கோட் என்பது நிறத்துக்கு மேலே கடைசியாகப் பூசும் பளபளப்புப் பூச்சு. கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். எட்டு விரல்கள் கண்ணாடி மாதிரி மின்னின. இரண்டு கட்டைவிரல்களில் மட்டும், வெளிப்பக்க ஓரத்தில், மெழுகு தேய்த்தது போல ஒரு மங்கல். கையுறையோடு தொட்டுப் பார்த்தால் லேசாக ஒட்டியது. டாப் கோட் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. காரணத்தை உட்கார வைத்துச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் உலரும். ஜெல் உலர்வதில்லை, வெளிச்சம் பட்டு இறுகுகிறது. லேம்பிலிருந்து வரும் 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான கதிர் ஜெல்லில் உள்ள ஒரு வேதிப்பொருளைத் தூண்ட, திரவமாக இருந்தது கெட்டியாகிறது. கதிர் படாத இடம் இறுகாது. கையை லேம்புக்குள் வைத்தால் நான்கு விரல்கள் தட்டையாக இருக்கும், கட்டைவிரல் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும். அதனால்தான் நான்கு விரல்களை ஒரு தடவையும், இரண்டு கட்டைவிரல்களைச் சேர்த்து இன்னொரு தடவையும் வைக்க வேண்டும் என்கிறோம். கூட்டமான நாளில் ஐந்தையும் ஒன்றாக உள்ளே தள்ளிவிடுவார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது.

பத்து விரலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் துடைத்ததில்தான் கோளாறு இருக்கும். ஜெல்லின் மேல்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால், ஆக்சிஜன் அதை முழுசாக இறுக விடாது. அந்தப் பிசுபிசுப்பைத்தான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுக்கிறோம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் கை லேம்பை விட்டு வெளியே வந்த நொடியே துடைத்துவிடுவேன். நகம் அப்போது இன்னும் சூடாக இருக்கும். சூட்டோடு துடைத்தால் பளபளப்பு அங்கேயே செத்துவிடும். பல மாதம் டாப் கோட் பாட்டிலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், இரண்டு முறை மாற்றியும் பார்த்தேன். இப்போது ஒரு நிமிடம் பேச்சுக்கொடுத்து நகம் ஆறிய பிறகே துடைக்கிறேன்.

எதால் துடைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பஞ்சு நூல் நூலாக நகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே துண்டால் பத்து நகத்தையும் துடைத்தால், முதல் நகத்தில் எடுத்த பிசுக்கைப் பத்தாவது நகத்தில் பூசுகிறோம் என்று அர்த்தம். நூல் பிரியாத துண்டை இரண்டு நகத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பாலிஷ் ரிமூவரால் துடைக்கவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் மேல்பரப்பை அரித்துவிடும். துடைக்கத் தேவையில்லாத டாப் கோட் வைத்திருப்பவர்கள் அதன் பிரஷ்ஷை வேறு பாட்டிலில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் இரண்டுமே கெடும்.

அப்புறம் லேம்ப். பழைய டியூப் பல்பு வகை லேம்பில் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும், கதிரின் வலு மட்டும் மெல்ல மெல்லக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. எல்இடி லேம்ப் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் உள்ளே சிந்திய ஜெல்லும் ராவிய தூசும் படிந்தால் அதுவும் மங்கும். கிட்டோடு வரும் உள்ளங்கை அளவு யூஎஸ்பி லேம்பை நம்பி, பாட்டிலில் போட்டிருக்கும் 60 நொடியை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த நேரம் அந்த நிறுவனத்தின் லேம்புக்குக் கணக்கிட்டது. கறுப்பு, அடர் நீலம், கெட்டி வெள்ளை போன்ற நிறங்கள் கதிரைக் கீழே இறங்க விடாது. தடிமனாகப் பூசினால் மேலே இறுகி, உள்ளே கூழாகவே இருக்கும், சில நேரம் தோல் சுருங்குவது போலச் சுருங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிபிஓ (TPO) என்ற பொருளை நகப்பூச்சில் சேர்ப்பதை 2025 செப்டம்பர் முதல் தடை செய்திருக்கிறார்கள். ஜெல்லைக் கதிரில் இறுக வைப்பதற்காகச் சேர்க்கும் பொருள் அது. அது இல்லாத புது பாட்டில் வாங்கினால், பழைய லேம்பும் பழைய நேரமும் பொருந்துமா என்று முதலில் பிளாஸ்டிக் நகத்தில் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் அழகு மட்டும் இல்லை. இறுகாத ஜெல்லில் இருக்கும் ஹெமா (HEMA) போன்ற அக்ரிலேட் வகை வேதிப்பொருள்கள் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம், சிலருக்கு நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், விரல் பட்ட கண் இமையும் வீங்கும். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஒரு தடவை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். இதே குடும்பத்துப் பொருள்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமெண்டிலும் இருக்கின்றன. அரிப்பு வந்தவர்கள் தோல் டாக்டரைப் பாருங்கள், பல் டாக்டரிடமும் சொல்லி வையுங்கள். நம்மைப் போல நாளெல்லாம் ஜெல்லோடு இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நைட்ரைல் கையுறையைக்கூட அடிக்கடி மாற்ற வேண்டும், மெல்லிய கையுறையை அக்ரிலேட் கொஞ்ச நேரத்திலேயே ஊடுருவிவிடும்.

போட்ட அன்று நன்றாக இருந்து, ஒட்டல் எதுவும் இல்லாமல் பத்து நாள் கழித்து மங்கினால் பயப்பட வேண்டாம். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்ட கோடுகள்தான் அவை. சமையல் மஞ்சள்தூள் பட்டு நகம் நிறம் மாறுவது தனி, அது மங்கல் ஆகாது. கோடு விழுந்து மங்கிய நகத்தை மெல்ல பஃப் செய்து (மென்மையான அரத்தால் தேய்த்து), தூசைத் துடைத்து, புது டாப் கோட் போட்டால் சரியாகிவிடும்.

அந்தப் பெண்ணின் கட்டைவிரல்களுக்கு அது பொருந்தாது. மேலே பூசியிருந்தால் உள்ளே இருக்கும் கூழை மூடிவைத்ததாகத்தான் ஆகியிருக்கும். மேல்பரப்பை லேசாக ராவி, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயிலால் சுற்றினேன். ஓரத்தில் மரக்குச்சியை வைத்ததும், இறுகிய ஜெல் போலச் செதிலாக உரியாமல் பசை மாதிரி இழுபட்டு வந்தது. அதை அவருக்கும் காட்டினேன். மற்ற எட்டு விரல்களைத் தொடவில்லை. கட்டைவிரல்கள் இரண்டையும் புதிதாகப் போட்டு, லேம்பில் தனியாக வைத்து எடுத்தேன். நகத்தைச் சுற்றி அரிக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்து எனக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன்.