பெரிய பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறீர்களா?

வெள்ளவத்தையில் என்னிடம் உளவளத்துணைக்கு வருகிற தம்பதிகளில், தத்தெடுக்க யோசிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "கைக்குழந்தை என்றால் நல்லம், ஒன்றும் ஞாபகம் இராதுதானே?" ஆசையில் தவறில்லை. ஆனால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், பெற்ற அம்மா சமைத்த குழம்பு உட்பட. அதை அழிக்க நினைக்காதவர்கள்தான் பெரிய பிள்ளையை எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சிறுவர் பராமரிப்பையும் பார்க்கிற நன்னடத்தைத் திணைக்களம், வீட்டைப் பார்க்க வரும் உத்தியோகத்தர், பிறகு மாவட்ட நீதிமன்றம் என்று நடைமுறை நீளும். பொறுமை வேண்டும். இலங்கையில் நம்முடைய மகவேற்புச் சட்டம், அதாவது தத்தெடுப்புச் சட்டம், 1941ஆம் ஆண்டினது, பழையதுதான். ஆனாலும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றம் தத்தெடுப்புக் கட்டளை பிறப்பிக்க முடியாது என்று அதில் இருப்பது எனக்குப் பிடிக்கும். நீங்கள் மட்டும் பிள்ளையைத் தெரிவு செய்யவில்லை, பிள்ளையும் உங்களைத் தெரிவு செய்கிறது.

முதல் சில வாரங்கள் பிள்ளை தங்கமாக இருக்கும். சொன்னதைக் கேட்கும், தட்டைக் கழுவி வைக்கும், உறவினர் எல்லாம் "என்ன நல்ல பிள்ளை" என்பார்கள். அது பாசம் இல்லை, பெரும்பாலும் பயம். திருப்பி அனுப்பி விடுவார்களோ என்ற பயம். அது கொஞ்சம் குறைந்த பிறகுதான் பொய், பிடிவாதம், படுக்கையை நனைப்பது, அம்மாவிடம் மட்டும் எரிந்து விழுவது எல்லாம் வரிசையாக வரும். பெற்றோர் "நாங்கள் தோற்றுவிட்டோம்" என்று வந்து நிற்பதும் அப்போதுதான்.

ஒரு பையன், வயது ஒன்பது, பாண் துண்டுகளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான், எறும்பு ஊர்ந்த பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். "கேட்டால் கொடுக்க மாட்டோமா, ஏன் களவெடுக்கிறான்?" என்று தகப்பனுக்குக் கோபம். களவில்லை அண்ணா, நாளைக்குச் சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு இன்னும் வரவில்லை என்றேன். ஒரு டின்னில் பிஸ்கட் போட்டு அவனுடைய அறையிலேயே வைக்கச் சொன்னேன். அது அவனுடையது, குறையக் குறைய நிரப்ப வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு இரவும் எண்ணிப் பார்ப்பானாம். மாதங்கள் போக, டின்னில் இருந்த பிஸ்கட் நமத்துப் போயும் அவன் கவனிக்கவில்லை. சில நாள் கழித்து அந்த அம்மா எனக்குக் கோல் எடுத்தார்: "மிஸ், இன்றைக்குப் பாகற்காய் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான்!" குரலில் அவ்வளவு சந்தோஷம். தள்ளினாலும் பசியோடு படுக்க விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதே. பெரிய பிள்ளையை எடுப்பவர்களுக்குப் பலன் இப்படித்தான் வரும், கட்டிப்பிடித்து "அம்மா" என்று அழுகிற சினிமாக் காட்சியாக வராது.

"அன்ரி" என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், வற்புறுத்த வேண்டாம். பெற்ற தாயின் படம் இருந்தால் அதை வைத்துக்கொள்ள விடுங்கள், அவரைப் பற்றிக் கதைத்தால் காது கொடுங்கள். "உன்னை எடுத்து வளர்க்கிறோம், நன்றியாக இரு" என்று எந்த மாமியும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள், சொன்னால் பிள்ளையின் முன்னாலேயே மறுத்துச் சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும், முழுக் கதையும் பிள்ளைக்குச் சொந்தமானது.

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஒருவராவது ஆரம்ப மாதங்களில் லீவு எடுக்கப் பாருங்கள். அப்புறம், தீபாவளிக்குச் சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுப் பிள்ளையை அறிமுகம் செய்கிற யோசனை இருந்தால், அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.