சென்தே: தமிழில் முன்கை

கறுப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தின் விதிகள் பழகி, 9க்கு 9 பலகையிலிருந்து 19க்கு 19 பலகைக்கு வந்தவர்களை முதலில் குழப்பும் சொற்களில் ஒன்று சென்தே. ஜப்பானியச் சொல். 'சென்' என்றால் முன், 'தே' என்றால் கை. பலகை விளையாட்டுகளில் அந்தக் 'கை'க்கு, ஒருவர் தன் முறைக்கு ஆடும் ஆட்டம் என்ற பொருளும் உண்டு. கோ பிறந்தது சீனாவில். இதே இரண்டு எழுத்துகளை அங்கே சியன்ஷோ என்றும் கொரியாவில் சொன்சு என்றும் படிக்கிறார்கள். மேலை நாடுகளுக்கு ஆட்டம் பெரும்பாலும் ஜப்பான் வழியாகப் போனதால் ஜப்பானிய உச்சரிப்பே அங்கெல்லாம் நிலைத்தது. ('செந்தே' என்று எழுதினால் ஒலி மெலிந்துவிடும், அதனால்தான் இங்கே 'ன்'.)

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் சென்தே என்றால் பெரும்பாலும் முதலில் ஆடுபவர். கோ ஆட்டத்தில் அப்படி இல்லை. எதிராளி கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் கல் வைத்தால் அது சென்தே. பதில் வந்ததும் முறை மறுபடி உங்களுக்கே. பலகையில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தச் சுதந்திரத்துக்கும் சென்தே என்றுதான் பெயர். எதிர்ச்சொல் கொத்தே, அதாவது பின் கை: நீங்கள் வைக்கிறீர்கள், எதிராளி பதில் சொல்லாமல் வேறு பெரிய இடத்துக்குப் போய்விடுகிறார். அதற்காகக் கொத்தே என்றாலே மோசம் என்று நினைக்க வேண்டாம். உயிருக்குப் போராடும் கற்களைக் காப்பாற்றும் கொத்தே எத்தனையோ உண்டு.

சரி, கட்டாயம் பதில் சொல்ல வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அத்தாரி வைத்தால், அதாவது அடுத்த முறை பிடித்துவிடுவேன் என்று ஒரு கல்லை நெருக்கினால், அது எப்போதும் சென்தே என்று நம்பிவிடுகிறார்கள். அந்தக் கல் 2 புள்ளிதான் பெறும், வேறொரு மூலையில் 20 புள்ளி காத்திருக்கிறது என்றால், நல்ல ஆட்டக்காரர் கல்லை விட்டுவிட்டு மூலைக்குப் போவார். ஆகவே ஒரு வைப்பு சென்தேவா என்பதை அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பலகையில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் கொத்தேயாக இருந்த வைப்பு, பெரிய இடங்கள் தீர்ந்த பிறகு சென்தேயாக மாறுவது சாதாரணம்.

சீனாவில் வழிவழியாக வரும் கோவின் பத்து விதிகளில் ஒன்று, சில கற்களை இழந்தாவது சென்தேயைப் பிடி என்கிறது. சென்தேவுக்கு விலை உண்டு என்பதற்குக் கொமியே சாட்சி. முதலில் ஆடும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுகட்ட வெள்ளைக்கு ஜப்பானிய விதிப்படி 6.5 புள்ளியும் சீன விதிப்படி 7.5 புள்ளியும் கூடுதலாகக் கிடைக்கின்றன.

இதற்குத் தமிழில் 'முன்முயற்சி' என்றால் முயற்சிதான் தெரிகிறது, முறை தெரியவில்லை. 'முதல் நகர்வு' ஷோகிக்கு வேண்டுமானால் பொருந்தும். கோ ஆட்டத்தில் கல்லை நகர்த்துவதே இல்லை, வைப்பதுதான். என் தேர்வு 'முன்கை'. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் 'முன்கை எடுத்தார்' என்று எழுதினால், தானாக முதலில் இறங்கினார் என்று யாருக்கும் புரியும். ஜப்பானிய எழுத்துகளுக்கும் அதுதான் நேர். வைப்பைக் குறிக்க 'முன்கை வைப்பு', நிலையைக் குறிக்க 'முன்கை யாரிடம்?' என்று பிரித்துக்கொள்ளலாம். கொத்தே அப்போது 'பின்கை' ஆகிவிடும்.

யார் வைத்தாலும் சென்தேயாக அமையும் இடத்தை 'இருபக்க முன்கை' எனலாம். இன்னொரு வகைக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது: நாம் பின்கையில் வைத்து, எதிராளிக்கு அங்கே இருந்த முன்கையை இல்லாமல் ஆக்குவது. ஆங்கிலத்தில் இதற்குள்ள 'தலைகீழ்' (reverse) என்ற அடைமொழியை அப்படியே கொண்டுவந்தால் விளங்காது. 'முன்கைத் தடுப்பு' எனலாம். கடைசிக் கட்டத்தில் இதைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இரு பக்கக் கணக்கில், அதாவது நாம் வைத்தால் வரும் முடிவுக்கும் எதிராளி வைத்தால் வரும் முடிவுக்கும் இடையே, 4 புள்ளி வித்தியாசம் தரும் ஒரு முன்கைத் தடுப்பு, ஏறக்குறைய 8 புள்ளி பெறும் சாதாரணப் பின்கைக்குச் சமம்.