நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தால்: பணம் வாங்கும்போது எழுத வேண்டிய ஒரு வரி

மாதவரத்தில் எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் நிலமெடுப்பு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். "சதுர அடிக்கு எவ்வளவுப்பா கிடைக்கும்?" என்பதுதான் அவர் கேள்வி. நான் முதலில் பார்த்தது, எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதை.

மெட்ரோ ரயில், பரந்தூர் விமான நிலையம் போன்றவற்றுக்கு நிலம் எடுப்பது தமிழ்நாடு அரசின் 1997ஆம் ஆண்டு தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தில். மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டு சட்டம். இவை தவிர, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு. மற்றவற்றில் கெடு வேறு, நோட்டீஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இழப்பீட்டுக் கணக்கு இந்த மூன்றிலுமே 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படிதான்.

சரி, கணக்குக்கு வருவோம். அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், அதிக விலை காட்டிய பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. ஒரு பேச்சுக்கு, உங்கள் இடம் 400 சதுர அடி, சதுர அடிக்கு வழிகாட்டி மதிப்பு 5,000 ரூபாய், பத்திரச் சராசரி 7,000 என்றால், 28 லட்சம். கட்டடத்துக்கு 4 லட்சம் சேர்த்தால் 32. அதே அளவு ஆறுதல் தொகையாக இன்னொரு 32. ஆக 64 லட்சம். நிலத்தின் சந்தை மதிப்பைப் பெருக்கும் எண் நகரத்தில் 1, கிராமப்புறத்தில் சட்டப்படி 2 வரை போகலாம்.

நம் ஊரில் அடிபடும் இடம் அந்தப் பத்திரச் சராசரிதான். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஒரு தெருவே விலையைக் குறைத்துப் பதிந்திருந்தால், அந்தக் குறைந்த விலைதான் அதிகாரியின் மேஜைக்குப் போகும். அதனால் பதிவு அலுவலகத்தில் நல்ல விலைக்குப் பதிவான பத்திரங்களின் நகலை எடுத்து, விசாரணையின்போதே கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை 2013 சட்டத்தில் உண்டு. அந்த இடத்தையே நம்பி 3 ஆண்டுகளாகப் பிழைக்கும் வாடகைக் கடைக்காரரும் அந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான். விசாரணைக்கு அவரையும் கூட அழைத்துப் போங்கள்.

அப்புறம், முக்கியமானது. தீர்வத் தொகை, அதாவது அதிகாரி முடிவாக அறிவிக்கும் இழப்பீடு, குறைவு என்று தோன்றினாலும் பணத்தை மறுக்க வேண்டாம். வாங்கும் ரசீதில் கையெழுத்துக்கு மேலே, "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். 2013 சட்டப்படி, இதை எழுதாமல் வாங்கியவர் கூடுதல் தொகை கேட்டு மனு போட முடியாது. தீர்வம் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால், மனுவுக்குக் கெடு அன்றிலிருந்து 6 வாரம். மாநிலச் சட்டத்தில் நோட்டீஸ் வந்தவர்களும் அந்த வரியை எழுதிவைப்பது நல்லது.

அண்ணனின் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருந்தது. அப்படியே விட்டால், யாருக்குச் சேரும் என்று தெரியும்வரை பணம் டெபாசிட்டில் கிடக்கும். வாரிசுச் சான்றுக்கு மனு போட அன்று மதியமே இ-சேவை மையத்துக்குக் கிளம்பிவிட்டார்.